ரீலுக்கு அடியில ஒரு பன்னெண்டு

ரீல் டெஸ்ட்ல ஏழாவது படியை எடுத்துடலாமான்னு போன மாசம் நந்தினி போன் பண்ணிக் கேட்டா. கம்பெனியில நான் உக்காந்திருந்த டெஸ்ட் பெஞ்ச்ல இப்ப அவதான் இருக்கா. நல்ல பொண்ணு, ஆனா எல்லாத்துலயும் அவசரம். "அக்கா, புது மெஷின் வந்துருச்சு. ஆறு படியும் அதுவே பண்ணிக்குது. இந்த ஏழாவதுக்கு மட்டும் ஆளு நின்னு நூலை உருவ வேண்டியிருக்கு. பாதி நேரம் இதுலயே போயிடுது. ஷீட்டுல காரணம்னு ஒண்ணும் எழுதல. யாருக்கா போட்டது இதை?"

"கிருஷ்ணப்பா சார் போட்டது. கை வெக்காதே"ன்னேன். ஏன்னு கேட்டா. கணக்கைச் சொன்னேன். மேல கொண்டு போய்ச் சொல்லியிருக்கா, அவங்களும் சரின்னு விட்டுட்டாங்களாம். "இதை எழுதிக் குடுத்துடுங்கக்கா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து இதையே கேப்பாங்க"ன்னா. அதான் எழுதறேன். எனக்குப் பேசறாப்பலதான் எழுத வரும், பொறுத்துக்கங்க. போன்ல கணக்கை மட்டும்தான் சொன்னேன். அந்தக் கணக்குக்குப் பின்னால ஒரு கை இருக்கு, அதைச் சொல்லல.

ஓசூர்ல வேலைன்னா பைக் பார்ட்டா, கார் பார்ட்டான்னு கேப்பாங்க. நான் மீன்பிடி ரீல்னு சொன்னா சிரிப்பாங்க. எங்க ஊரு உத்தனப்பள்ளி. ஏரியில தூண்டி போடறதைத்தான் பாத்திருக்கேன். நாங்க பண்ணினது கடல்ல ஆளு ஒசரத்துக்கு மீன் பிடிக்கிற ரீல், எல்லாம் வெளிநாட்டுக்குப் போறது. கைக்கு அடங்காத கனமான உருளை, அதுல நூல் சுத்தியிருக்கும், பக்கத்துல கைப்பிடி. உள்ள டிராக்னு ஒண்ணு உண்டு. மீன் வெறி பிடிச்சு இழுக்கறப்ப நூல் அறுந்துடாம, ஒரு அளவுக்கு மேல போனா வழுக்கி நூலை விட்டுக் குடுக்கும். அந்த அளவுதான் டிராக் லிமிட். பழைய மாடலுக்கு ஏழு கிலோ. ரீலோட பக்கத் தகட்டுல பொறிச்சே வரும்.

முதல் நாலு வருஷம் நான் டிராக்குக்குள்ள உரசிப் பிடிக்கிற வட்ட வாஷருக்கு கிரீஸ் தடவினேன். அதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. அப்புறம் கிருஷ்ணப்பா சார் டெஸ்ட் பெஞ்சுக்குக் கூப்பிட்டுக்கிட்டார்.

சார் ஆனேக்கல் பக்கம். தமிழ் பேசுவார், கோவம் வந்தா கன்னடம் வந்துடும். அதுலயும் சத்தம் ஏறாது, இறங்கும். அவர் குரல் இறங்க இறங்க நாங்க கையில இருக்கறதைக் கீழ வெச்சுடுவோம். ரீலைத் தொடறதுக்கு முன்னாடி கை வாட்சைக் கழட்டி சட்டைப் பாக்கெட்ல போட்டுக்குவார். ரீல்ல கீறல் விழுந்துடக்கூடாதாம். இழுத்துப் பாத்து, பிரிச்சுப் பாத்து, மாட்டி, எல்லாம் முடிஞ்சு வாட்சைத் திரும்பக் கட்டினார்னா பாஸ். ஓகேன்னு வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. கட்டாம நின்னார்னா எங்கயோ தப்பு. நாங்க அவர் மொகத்தைப் பாக்க மாட்டோம், மணிக்கட்டைத்தான் பாப்போம்.

பெஞ்ச் வேலை இதுதான். ரீலை கிளாம்ப்ல இறுக்கணும். நட்சத்திரம் மாதிரி இருக்கிற டிராக் திருகை முழுசா இறுக்கணும். நூல் நுனியை இழுக்கற மோட்டார்ல கட்டணும். முதல் இழுப்புல வர்ற நம்பரை எழுதக்கூடாது. ரொம்ப நேரம் சும்மா இருந்த வாஷர் முதல்ல ஒட்டிக்கும், அது பொய் நம்பர். அதுக்கப்புறம் மூணு தரம் இழுத்து நடு நம்பரை எழுதணும். கடைசியா புறங்கையை வெச்சு சூடு பாக்கணும். உள்ளங்கை வேண்டாம்பார், அது வேலை செஞ்சு காய்ச்சுப் போயிருக்கும், அதுக்கு ஒண்ணும் தெரியாதும்பார். அப்ப ஆறு படிதான்.

இதோட இன்னொரு வழக்கம் அவர்கிட்ட. எந்தப் பார்ட்டை மாத்தி நல்லதாப் போட்டாலும், ரீலைப் பிரிச்சு வரிசையா வெச்சு, "கை வெச்சு சொல்லு"ம்பார். நூலைத் தொட்டு, இது எவ்ளோ தாங்கும்னு சொல்லணும். அப்புறம் நூல் சுத்தற ஸ்பூல், கியர், வாஷர், டாக், சட்டம், தூண்டிக் கம்புல பொருந்தற அடிக்கால். ஒவ்வொண்ணையும் விரலால தொட்டு ஒரு நம்பர். டாக்ன்னா கைப்பிடி பின்பக்கம் சுத்தாம கடிச்சுப் பிடிச்சுக்கற ஒரு சின்னப் பல்லு. சுண்டு விரல் நகத்தளவுதான் இருக்கும். "வாஷர் பலமாயிடுச்சு, சந்தோஷம். இப்ப பாரம் யாருகிட்ட போச்சு? அவனைத் தொடு"ம்பார். கம்பளி வாஷரை எடுத்துட்டு கார்பன் வாஷர் போடற திட்டம் வந்தப்ப, முதல்ல டாக்கையும் கியரையும் எஃகுல மாத்தினார், அப்புறம்தான் வாஷரைத் தொட விட்டார். அன்னிக்கு வரிசையா விரல் வெச்சு நம்பர் சொன்னவ நான்தான். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, நான் தெரியாம பண்ணலைங்கறதுக்காகச் சொல்றேன்.

இப்ப ஜெசிந்தா.

அவ குளச்சல் பக்கத்துல ஒரு கடற்கரை ஊர்க்காரி. ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா. பதினோரு வருஷம் எனக்கு அடுத்த பெஞ்ச். என்னை "எக்கா"ன்னுதான் கூப்பிடுவா. அந்தப் பேச்சைக் கேட்டா எங்க ஆளுங்களுக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு எங்க தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வர்ற பேச்சைக் கேட்டா சிரிப்பு வரும். "நீங்க ஒரு வாக்கியத்தை முடிக்கதுக்கு மூணு ஊரு தாண்டுதிய எக்கா"ம்பா. என் டிபன் பாக்ஸைத் திறந்தா களியைப் பாத்து மூஞ்சியைச் சுளிப்பா, ரெண்டு நிமிஷத்துல அவளே பாதியைத் தின்னிருப்பா.

மத்தியானச் சாப்பாட்டுல அவ கடலைப் பத்திச் சொல்லுவா. எங்கள்ல ஒருத்தரும் கடலைப் பாத்ததில்ல. பண்றது கடல் ரீல், பாத்தது ஏரி. "நெறம் நெதமும் மாறும் எக்கா. காலம்பற ஒண்ணு, உச்சிக்கு ஒண்ணு. வா எங்க ஊருக்கு, நான் காட்டித் தாரேன். எனக்க கையப் பிடிச்சிட்டுத்தான் எறங்கணும், கேட்டியா. அல காலுக்கு அடியில மண்ண உருவிட்டுப் போவும், நீ பயந்து விழுவ." வர்றேன் வர்றேன்னு வருஷா வருஷம் சொன்னேன். பிள்ளைங்க பரீட்சை, மாமனாருக்கு ஒடம்பு சரியில்ல, ஏதாவது ஒண்ணு வந்துடும்.

அவ அண்ணன் அந்தோணி அந்தமான்ல, வெளிநாட்டுக்காரங்களை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போற படகுல வேலை. ஒரு தடவை லீவுக்கு வந்தப்ப, யாரோ ஒரு விருந்தாளி பிரியமாக் குடுத்துட்டுப் போனதுன்னு ஒரு ரீலைக் குடுத்து அனுப்பியிருந்தான். ஜெசிந்தா பையிலருந்து எடுத்து என் முன்னாடி வெச்சா. பாத்தா எங்க ரீல்! பழைய மாடல், பக்கத் தகட்டுல ஏழு. எங்க கையைத் தாண்டிப் போன ஒரு ரீல் திரும்பி வந்து அன்னிக்குத்தான் பாக்கறேன். திருகோட பொந்துலயெல்லாம் உப்பு வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு. அதை விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். லைன்ல அத்தனை பேரும் வந்து தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க.

"அண்ணன் சொல்லுதான், பெரிய சூரை மீனு பிடிச்சா ஏழு பத்தலயாம், நூலு பாட்டுக்குப் போவுதாம். நீ ஏதாவது பண்ணித் தாயேன் எக்கா. நீதானே இங்க டிராக்குக்கு ராணி."

அந்த ராணிதான் என்னைக் கெடுத்துச்சு. வேற என்ன சொல்ல. கார்பன் வாஷர் டிரையல்ல மிஞ்சின ஒரு செட்டு என் டிராயர்ல கிடந்துச்சு. ஸ்டோருக்குத் திருப்பிக் குடுன்னு சார் சொல்லி ஒரு வாரம் ஆயிருந்துச்சு. சாப்பாட்டு நேரம், சார் மீட்டிங்ல. பிரிச்சேன், உப்பைக் கழுவினேன், கம்பளி வாஷரை எடுத்துட்டு கார்பனைப் போட்டேன், கிரீஸ் தடவி மூடினேன். பெஞ்ச்ல மாட்டி இழுத்தேன். ஏழு இருந்த எடத்துல பன்னெண்டு. மூணு இழுப்பும் பன்னெண்டு. வெண்ணெய் மாதிரி வந்துச்சு. ஜெசிந்தா கை தட்டினா. நான் பெர்மனென்ட் மார்க்கரை எடுத்து, ரீலைக் கவுத்து, அடிக்கால்ல பெருசா 12ன்னு எழுதினேன். அவ அண்ணன் பாக்கட்டும்னு.

வரிசையா வெச்சு விரலால தொட்டுச் சொல்லல. அவ்வளவுதான் நான் விட்டது. பழைய டாக் அப்படியே உள்ள இருந்துச்சு. பன்னெண்டைத் தாங்கிடுச்சு இல்ல, அப்புறம் என்னன்னு விட்டுட்டேன்.

ரீலை அண்ணனுக்கு அனுப்பி ரெண்டு மாசம் கழிச்சு ஜெசிந்தாவுக்கு போன் வந்துச்சு. லைன்ல நிக்கறப்பவே வந்துச்சு. பெரிய மீன் மாட்டி, நூலை வேகமா இழுத்துட்டுப் போயிருக்கு. அந்தோணி கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். திடீர்னு கைப்பிடி பின்பக்கமா சுத்தி, வலது கையை அடிச்சு நொறுக்கிடுச்சு. அன்னிக்கே ஜெசிந்தா ஊருக்குப் போனா.

பத்து நாள் கழிச்சுத் திரும்பி வந்தா. அழுவா, திட்டுவான்னு நெனச்சேன். பையிலருந்து ரீலை எடுத்து என் பெஞ்ச்ல வெச்சா. உள்ள ஏதோ கலகலன்னு உருண்டுச்சு.

"அண்ணன் ஒண்ணும் சொல்லல எக்கா. மீனு பெருசு, அதான்னு சொல்லுதான். ரெண்டு விரலு மடங்காதாம். இனிமே படகுல வேல இல்ல. நான்தான் கேக்குதேன். நீ பன்னெண்டுன்னு எழுதுனியே, அது பன்னெண்டுதானா?"

ரீலைத் தூக்கிக்கிட்டு நேரா சார்கிட்ட போனேன். எல்லாத்தையும் சொன்னேன். டிராயர் வாஷர், சாப்பாட்டு நேரம், மார்க்கர், எதையும் ஒளிக்கல. அவர் வாட்சைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டார். "நோடு சரோஜா, பாரு"ன்னு மெதுவாச் சொன்னார். அவ்வளவு மெதுவா அவர் பேசி நான் கேட்டதில்ல.

பிரிச்சார். டாக் ரெண்டாப் போயிருந்துச்சு. "கை வெச்சு சொல்லு"ன்னார். தொட்டேன். "இது எவ்ளோ தாங்கும்?" "பதினஞ்சு, பதினாறு சார்." "நீ வெச்சது பன்னெண்டு. பின்ன ஏன் ஒடஞ்சது?" எனக்குத் தெரியல. அவருக்கும் தெரியலங்கறது அவர் மொகத்துல தெரிஞ்சுது. மத்தியானம் வரைக்கும் ரீலை கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தார். அப்புறம் திடீர்னு ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, "மீனு எவ்ளோ நூலு எடுத்துச்சும்மா?"ன்னு கேட்டார்.

"முக்காவாசியும் போயிட்டுன்னு சொன்னான் சார்."

சார் எந்திரிச்சார். அதே மாதிரி பழைய டாக் ஒண்ணை ஸ்டோர்லருந்து வாங்கிப் போட்டார். பெஞ்ச்ல மாட்டினார். நூலை முழுசாச் சுத்திட்டு இழுத்தார், பன்னெண்டு. திருகைத் தொடாம, கொஞ்சம் நூலை உருவிக் கீழ விட்டுட்டு மறுபடி இழுத்தார். பதிமூணு. இன்னும் உருவினார். பதினாலரை. இன்னும். பதினாறு. "எல்லாரும் தள்ளி நில்லுங்க"ன்னுட்டு, மூணுல ரெண்டு பங்கு நூல் போற வரைக்கும் உருவி, மோட்டாரைப் போட்டுட்டு அவரும் தள்ளி நின்னார். முள்ளு பதினேழைத் தாண்டி பதினெட்டுக்கிட்ட போச்சு. டக்குன்னு ஒரு சத்தம். கைப்பிடி பின்பக்கமா அப்படியே பறந்து சுத்தி, பெஞ்ச் மேல இருந்த பென்சில் டப்பாவை அடிச்சு சுவத்துல தெறிக்க விட்டுச்சு.

ஜெசிந்தா அந்த டப்பாவையே பாத்துக்கிட்டு நின்னா. தகர டப்பா, நசுங்கிப் போயிருந்துச்சு. அந்த எடத்துலதான் அவ அண்ணன் கை இருந்துச்சு.

கணக்கு இதுதான். நூல் போகப் போக உருளை சின்னதாயிடும். உருளை சின்னதானா, அதே திருகு, அதே வாஷர், ஆனா இழுக்க இன்னும் பலம் வேணும். முழு நூல்ல பன்னெண்டுன்னா, மூணுல ரெண்டு பங்கு போன பிறகு பதினெட்டு. அந்த இழுப்புல சட்டமே கொஞ்சம் வளையும், டாக்கோட நுனி மட்டும்தான் கடிச்சுக்கிட்டு நிக்கும். வெளிநாட்டுல மீன் பிடிக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியுமாம். எங்களுக்குத் தெரியல. அத்தனை வருஷமும் முழு நூலோடவே இழுத்துப் பாத்துட்டு, நம்பர் எழுதி, பெட்டியில போட்டு அனுப்பினோம். நூல் காலியாகற ஸ்பூலை எங்கள்ல ஒருத்தரும் பாத்ததே இல்ல. மீன் இழுத்தாத்தானே காலியாகும்? கடலுக்கு இத்தனை தூரத்துல உக்காந்து கடல் ரீல் பண்றவங்க மட்டும்தான் இந்தத் தப்பைப் பண்ண முடியும்.

அன்னிக்குப் பூரா சார் வாட்சைக் கட்டல. சாயங்காலம் வெறுங்கையோட பஸ் ஏறினதைப் பாத்தேன். ரிப்போர்ட்ல என் பேரை எழுதினார், அதுக்கு மேல அவர் பேரையும் எழுதினார். என்னை ஒரு வருஷம் பேக்கிங்ல போட்டாங்க. போட வேண்டியதுதான். அந்த ரிப்போர்ட்டோட கடைசியில ஏழாவது படி வந்துச்சு. மூணுல ரெண்டு பங்கு நூலை உருவிட்டு மறுபடி இழு, அந்த நம்பர் டாக் தாங்கற அளவுக்குள்ள இருக்கணும். உற்பத்தி கொறையுதுன்னு புரடக்ஷன்காரங்க குதிச்சாங்க. சார் "பேட, வேண்டாம், பேசாதீங்க"ன்னுட்டார். நந்தினி, ஷீட்டுல காரணம் ஏன் எழுதலன்னு கேட்டியே. தினமும் எல்லாரும் பாக்கற ஷீட்டுல காரணம்னு எழுதினா ஜெசிந்தா அண்ணன் பேரு வரணும், என் பேரு வரணும். சார் அதை விட்டுட்டார்.

ஜெசிந்தா அந்த மாசமே கணக்கு முடிச்சிட்டுக் கிளம்பினா. அண்ணன் வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க, யாராவது சம்பாதிக்கணும், யாராவது பாத்துக்கணும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அந்த ரீலை நானே சரி பண்ணித் தர்றேன்னு கையில வெச்சிருந்தேன். வேண்டாம்னுட்டா. "நீயே வெச்சுக்க. அதுல எழுதுனத மட்டும் அழிச்சிராத எக்கா. அப்பிடியே இருக்கட்டும்." கோவமாச் சொல்லல. சொல்லிட்டு என் தோளை ஒரு தட்டு தட்டிட்டு ஏறிட்டா. பஸ் திரும்பறப்ப ஜன்னல்ல அவ கை தெரிஞ்சுது, மொகம் தெரியல. கொஞ்ச நாள்ல அவ நம்பரும் மாறிடுச்சு.

அதுக்கப்புறம் கம்பெனி டூர்ல பாண்டிச்சேரி போனோம். கடற்கரையில பஸ் நின்னுச்சு, எல்லாரும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடினாங்க. நான் தலைவலின்னு சொல்லி, ஸ்கிரீனை இழுத்து விட்டுக்கிட்டு பஸ்ஸுக்குள்ளயே இருந்தேன். சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவ காட்டாம எனக்கு எதுக்குக் கடல்? பைத்தியக்காரத்தனம்தான், தெரியுது. ஆனா அவ ஞாபகம் வராத நாள் ஒண்ணு இல்ல. களி கிண்டினா வரும். யாராவது பஸ்ல "கேட்டியா"ன்னு பேசினா திரும்பிப் பாப்பேன். அடுத்த பெஞ்ச்ல எத்தனையோ பேர் வந்து உக்காந்தாங்க, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் அது ஜெசிந்தா பெஞ்ச்தான்.

ரீல் என் பீரோவுல இருந்துச்சு. ரிட்டயர் ஆன பிறகு அதை எடுத்தேன். கார்பன் வாஷரைக் கழட்டிட்டு கம்பளியே போட்டேன். டாக் மட்டும் எஃகு, சர்வீஸ் பார்ட் விக்கற எடத்துல முறையா வாங்கினது. அப்புறம் கைப்பிடி. பழசுல ரெண்டு விரலால பிடிக்கிற மெல்லிசான குமிழ்தான். ரெண்டு விரல் மடங்காத கையில அது நிக்காது. உள்ளங்கையை வெச்சே சுத்தற மாதிரி பெரிய உருண்டைக் குமிழ் ஒண்ணு இப்ப வருது, அதை வாங்கிப் போட்டேன். முப்பது வருஷத்துல நான் பண்ணின பார்ட் மாத்தறதுலயே இது ஒண்ணுதான் பலத்துக்காகப் பண்ணாதது.

இந்தத் தரம் ஒவ்வொண்ணாப் பிரிச்சு, பாய் மேல வரிசையா வெச்சு, விரலால தொட்டு நம்பர் சொன்னேன். சத்தமாவே சொன்னேன். எங்க வீட்டுக்காரர் ராயக்கோட்டை தக்காளி மண்டியில இருந்தவர், அவரோட ஸ்பிரிங் தராசை எடுத்துட்டு வரச் சொன்னேன். ரீலை அவர் பிடிச்சுக்க, நான் தராசால இழுத்தேன். "தக்காளி எடை போட்ட தராசுல மீனையே எடை போடறியா"ன்னார். முழு நூல்ல நாலரை வெச்சேன். நூலை வாசல் வரைக்கும், தெரு வரைக்கும் உருவிட்டு மறுபடி இழுத்தேன். ஏழுக்குக் கீழதான் நின்னுச்சு. ஏழாவது படி, மூணு தரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாகர்கோவில் ரயில்ல ஏர்றோம். ஊர்ப் பேரு தெரியும், அவங்க கோயில் பேரு தெரியும், கேட்டாச் சொல்லாமலா இருப்பாங்க. அவ கதவைத் திறப்பாளோ சாத்துவாளோ, அது அவ இஷ்டம். ரீலை அவ அண்ணன் கையில குடுத்துட்டு, அவளுக்கு முன்னாடி கவுத்துப் பிடிச்சு, இப்ப அழிச்சிடட்டுமான்னு கேக்கணும். இத்தனை வருஷமும் அந்தப் பன்னெண்டு மேல நான் விரல் படாமத்தான் துடைச்சிருக்கேன், ஒரு கோடு கூடப் போகல.

மார்க்கர் எதுல போகும்னு நந்தினியைக் கேட்டேன். நெயில் பாலிஷ் ரிமூவர்னா. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்ல போய்க் கேட்டேன். "இந்த வயசுல என்னம்மா, நகத்துக்கெல்லாம் கலர் போடறீங்களா?"ன்னு கடைக்காரம்மா சிரிச்சாங்க. ஆமாம்னேன். சின்ன பாட்டில், இருக்கறதுலயே சின்னது. அழிக்க வேண்டியது ரெண்டே எழுத்துதான். அவ சரின்னா போதும்.